முதலில் அவன் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும், அண்ணாச்சி

எங்கள் சபைப் போதகர் ஐயரவர்களுக்கும், கமிட்டி அண்ணாச்சிமாருக்கும், அக்காமாருக்கும்,

ஸ்தோத்திரம். இருபத்தாறு வருஷமாக இந்தச் சபையில் ஞாயிறு பள்ளி எடுக்கிறேன். உங்களில் மூன்று பேருடைய பிள்ளைகளுக்கு நோவாவின் பேழையை அட்டையில் வெட்டி ஒட்டச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான், அந்த உரிமையில் எழுதுகிறேன். கொஞ்சம் கோபமும் இருக்கிறது, மறைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இதை வாசித்ததும் உங்களுக்கு என்ன தோன்றும் என்று தெரியும். "தனியாகச் சொல்ல வேண்டியதை ஊரறிய எழுதுகிறாயே டீச்சர், இது மட்டும் என்ன நியாயம்?" சரியான கேள்விதான். அதனால் நான் என்னென்ன செய்துவிட்டு இங்கே வந்திருக்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் பாடகர் குழுத் தம்பி ஒயின் ஷாப்பிலிருந்து இறங்குகிற போட்டோவைச் சபை வாட்ஸ்அப் குழுவில் போட்ட அண்ணாச்சி வீட்டுக்கு நான் ஒருத்தியாகப் போனேன். உட்காரச் சொன்னார், காபி தந்தார், "அவன் குடிச்சானா இல்லியா, அதச் சொல்லுங்க டீச்சர்" என்றார், அதற்குமேல் பேச்சு நகரவில்லை. இரண்டு வாரம் கழித்துப் பெண்கள் ஐக்கியத்தில் இரண்டு அக்காமாரைக் கூட்டிக்கொண்டு குருமனைக்குப் போய் ஐயரவர்களைப் பார்த்தோம். ஜெபம் பண்ணி அனுப்பினார். அப்புறம் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்தேன், "அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்" என்று மூன்று கூட்டம் போய்விட்டது. ஒருத்தியாக, பிறகு இரண்டு மூன்று பேராக, பிறகு சபையில். மத்தேயு 18 சொன்ன வரிசையில் ஒரு படியைக்கூட நான் தாண்டவில்லை. இதிலும் யார் பெயரும் இல்லை, ஊர் பெயரும் இல்லை. அந்தத் தம்பிக்கு வாசித்துக் காட்டி, சரி என்று சொன்ன பிறகுதான் வெளியிடுகிறேன்.

நடந்தது உங்களுக்குத் தெரியும், ஆனாலும் எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நீங்கள் அதை "ஒழுங்கு நடவடிக்கை" என்கிறீர்கள், நான் வேறு பெயர் வைத்திருக்கிறேன். ஜனவரி இரண்டாம் சனிக்கிழமை ராத்திரி, பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கிற தம்பி பைபாஸ் பக்கத்து ஒயின் ஷாப்பிலிருந்து இறங்கி வருகிறான். நம் சபைக்காரர் ஒருவர் அந்தப் பக்கம் போகிறவர், வண்டியை நிறுத்தி, கூப்பிட்டு, "என்னப்பா இது" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போனை எடுத்தார். பத்து மணிக்குள் படம் சபை வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது, கீழே ஒரு வசனம்: "மற்றவர்களுக்குப் பயமுண்டாகும்படி, பாவஞ்செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்." ஆமென் ஆமென் என்று வரிசையாக விழுந்தது. கும்பிடு போட்டவர்கள், அழுகிற முகம் போட்டவர்கள், "பெற்றோர் வளர்ப்பு" என்று ஆரம்பித்தவர்கள். அவனுடைய அம்மாவும் அந்தக் குழுவில்தான் இருந்தார்கள்.

அந்தக் கும்பிடுகளில் ஒன்று என்னுடையது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். யோசிக்காமல் போட்டேன், எல்லாரும் போடுகிறார்களே என்று போட்டேன். நாலு வயதில் என் மடியில் உட்கார்ந்து "இயேசு என்னை நேசிக்கிறார்" என்று மழலையில் பாடிய பிள்ளையின் படத்துக்குக் கீழே நான் கைகூப்பியிருக்கிறேன்.

மறுநாள் பிரசங்கத்தில் "சனிக்கிழமை ராத்திரி ஒரு பலிபீடம், ஞாயிற்றுக்கிழமை காலையில வேற பலிபீடம்" என்று ஐயரவர்கள் சொன்னபோது முந்நூறு தலையும் கீபோர்டு பக்கம் திரும்பின. அதற்கடுத்த வாரம் அறிவிப்பில், சபை விருந்தான அசனத்துக்கு அரிசி கொடுக்கிறவர்கள் பெயர் கொடுக்கும்படி கேட்டதற்கும் கல்லறைத் தோட்டம் சுத்தம் செய்வதற்கும் நடுவில், மறு அறிவிப்பு வரும்வரை இன்னார் பாடகர் குழுவில் பங்குபெற வேண்டாம் என்று வாசித்தார்கள். பெயரோடு. அவன் வரவில்லை, அம்மாதான் உட்கார்ந்திருந்தார்கள். சேலை முந்தானையை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்கள், ஆசீர்வாதம் கூறும் முன்பே எழுந்து போய்விட்டார்கள்.

இதற்கிடையில் அவன் வீட்டுக்குப் போனவர் எத்தனை பேர்? ஒருவரும் இல்லை. நானும் மூன்று வாரம் கழித்துத்தான் போனேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, மழை வருகிற மாதிரி இருக்கிறது, பரீட்சைத் தாள் திருத்த வேண்டும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவன் என்னிடம் மறுக்கவில்லை. இதை நீங்கள் கேட்க வேண்டும் அண்ணாச்சி, உங்கள் கேள்விக்கு விடை இதில் இருக்கிறது. "ஆமா டீச்சர், குடிச்சேன். அன்னைக்கு மட்டும் இல்ல. ஒன்றரை வருஷமாக் குடிக்கேன்" என்றான். சென்னையில் நைட் ஷிப்ட் வேலைக்குப் போன இடத்தில் தொடங்கியிருக்கிறது, வேலை போனது, ஊருக்குத் திரும்பினான், விட முடியவில்லை. கிறிஸ்துமஸ் ஆராதனையில் அவன் கை நடுங்கியதை நான் பதற்றம் என்று நினைத்திருந்தேன். "யாராவது ஒருத்தர் வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் டீச்சர். கேப்பாங்கன்னுதான் இருந்தேன்" என்றான்.

ஆக, படம் உண்மைதான், நீங்கள் கண்டுபிடித்தது உண்மைதான், திருத்தம் அவனுக்குத் தேவைதான். நீங்கள் பார்த்ததைவிட அதிகமாகத் தேவை. அதனால்தான் எனக்கு மனசு ஆறவில்லை. அவன் குற்றமில்லாதவனாக இருந்திருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு முடித்துவிடலாம். இங்கே ஒரு பிள்ளை உதவிக்கு ஆள் வருமா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான், நாம் அவனுக்கு நோட்டீஸ் ஒட்டினோம்.

இப்போது அந்த வசனத்துக்கு வருகிறேன். குழுவில் போட்டது 1 தீமோத்தேயு 5:20. ஒரு வரி மேலே ஏறிப் பாருங்கள். 19ஆம் வசனம் மூப்பர்களைப் பற்றிப் பேசுகிறது: மூப்பனானவனுக்கு விரோதமான பிராதை இரண்டு மூன்று சாட்சி இல்லாமல் ஏற்றுக்கொள்ளாதே என்கிறது. அதன் தொடர்ச்சியில்தான், பாவம் செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்று வருகிறது. அதாவது எல்லாருக்கும் முன்பாக நிறுத்த வேண்டியது சபையை நடத்துகிற பெரியவர்களைத்தான். இருபத்திரண்டு வயதுப் பையன்களைப் பற்றி அதே அதிகாரத்தில் பவுல் தனியாக எழுதியிருக்கிறார், முதல் வசனத்திலேயே: "பாலிய புருஷரைச் சகோதரரைப்போலவும்" பாவித்துப் புத்தி சொல்லச் சொல்கிறார். வயதானவரைத் தகப்பனைப்போல, வயதான பெண்களைத் தாயைப்போல, வாலிபனைச் சகோதரனைப்போல. நாம் செய்தது தலைகீழ். வாலிபனுக்கு மூப்பருக்கான சட்டம் போட்டோம். மூப்பர்களுக்கோ… போன கமிட்டித் தேர்தலில் பாரிஷ் ஹாலில் நாற்காலி பறந்ததே, அதை யார் எந்தக் குழுவில் போட்டார்கள்? இரண்டு வருஷ அசனக் கணக்கு இன்னும் வரவில்லையே, அதற்கு எந்த ஞாயிறு அறிவிப்பு வாசித்தோம்? குடித்தவனுக்கு வசனம் இருக்கிறது, கணக்குக் கொடுக்காதவருக்கு வருஷா வருஷம் பொன்னாடை இருக்கிறது. சரி, இதில் இறங்கினால் மடல் வேறு திசைக்குப் போய்விடும்.

அந்தியோகியாவில் பவுல் பேதுருவை எல்லாருக்கும் முன்பாகக் கண்டித்தாரே என்று ஒரு அக்கா என்னிடம் கேட்டார்கள். கண்டித்தார், கலாத்தியர் 2இல் இருக்கிறது. ஆனால் யாரை? சபையின் தூணாக எண்ணப்பட்ட பேதுருவை. எதற்காக? யூதரல்லாத புறஜாதிக் கிறிஸ்தவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடத்திலிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியைவிட்டு விலகினார், அவரைப் பார்த்து பர்னபாவும் விலகினார். பெரியவர் எல்லார் கண் முன்னாலும் சிறியவர்களை அவமானப்படுத்தினார், ஆகவே எல்லார் முன்னாலும் பதில் வந்தது, அதுவும் முதுகுக்குப் பின்னால் வராமல் முகத்துக்கு நேரே வந்தது. அப்பொல்லோவைப் பாருங்கள். நன்றாகப் பேசக் கூடியவர், ஆனால் யோவானின் ஞானஸ்நானத்தை மட்டும்தான் அறிந்திருந்தார். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவர் பேசியதைக் கேட்டுவிட்டு ஜெப ஆலயத்திலேயே எழுந்து நின்று திருத்தவில்லை. தங்களோடு சேர்த்துக்கொண்டு இன்னும் திட்டமாக விவரித்துச் சொன்னார்கள் என்று அப்போஸ்தலர் 18 சொல்கிறது. கூடாரம் செய்கிற தம்பதிகள், பெரிய பிரசங்கியைத் திருத்தினார்கள், அவர் அதன் பிறகும் பிரசங்கியாகவே இருந்தார்!

"நீயும் அவனும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து" என்று கர்த்தர் சொன்னது மத்தேயு 18இல் எங்கே வருகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? அதற்குச் சற்று முன்னால் தொண்ணூற்றொன்பது ஆட்டை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போகிற மனுஷன் வருகிறான். அதற்குப் பின்னால் பேதுரு "ஏழுதரமட்டுமோ" என்று கணக்குக் கேட்க, "ஏழெழுபதுதரமட்டும்" என்ற பதில் வருகிறது, பதினாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்பட்டவன் நூறு வெள்ளிப்பணத்துக்காக உடன்வேலைக்காரனின் தொண்டையைப் பிடிக்கிற கதை வருகிறது. நாம் முன்னாலும் பின்னாலும் கிழித்துப் போட்டுவிட்டு நடுவிலுள்ள மூன்று வசனத்தை மட்டும் சபைச் சட்டமாக வைத்திருக்கிறோம், அதிலும் மூன்றாவது வசனத்திலிருந்து ஆரம்பிக்கிறோம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போகக் கூடாது. "தனியாகப் பேசித் தீர்ப்போம்" என்பதைச் சொல்லிச் சொல்லியே மூடி மறைக்கிற கூட்டமும் சபைகளில் உண்டு. ஒரு பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்திருக்கிறது என்று தெரிந்தால் அங்கே மத்தேயு 18:15ஐத் தூக்கிக்கொண்டு வரக்கூடாது. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி விஷயம் தெரிந்த எவரும் போலீஸில் சொல்லியே ஆக வேண்டும், மறைத்தால் அதுவே குற்றம். அதே மத்தேயு 18தான் சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவன் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டுவது பற்றியும் பேசுகிறது. நான் அந்த மாதிரிக் காரியத்தைப் பற்றிப் பேசவில்லை. தன் உடம்பையே கெடுத்துக்கொண்டிருக்கிற ஒருவனைப் பற்றிப் பேசுகிறேன்.

கண்டுகொள்ளாமல் விட்டுவிடுங்கள் என்றும் கேட்கவில்லை. அப்படி விடுவதை அன்பு என்று லேவியராகமம் ஒத்துக்கொள்ளாது. "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக" என்பது 19:18, எல்லாருக்கும் மனப்பாடம். அதற்கு முந்தின வசனம் சகோதரனை உள்ளத்தில் பகைக்காதே, அவனை எப்படியும் கடிந்துகொள் என்கிறது. இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. ஞாயிறு பள்ளியில் நான் இத்தனை வருஷமாக 18ஐ மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டேன், என் பங்குத் தவறு அதில் இருக்கிறது.

கடிந்துகொள்வது எப்படி என்று நான் படித்தது புத்தகத்தில் இல்லை. எனக்குக் கல்யாணமாகி ஞாயிறு பள்ளிப் பொறுப்பு எடுத்த புதிது. கையில் காசில்லாத ஒரு மாதம், பிள்ளைகளின் காணிக்கை முந்நூற்று நாற்பது ரூபாயை வீட்டுச் செலவுக்கு எடுத்துவிட்டேன், பிறகு வைத்துவிடலாம் என்றுதான் எடுத்தேன், வைக்கவில்லை. அப்போது நம் சபையில் இருந்த பழைய உபதேசியாரை உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒருநாள் சாயங்காலம் வந்தார். நான் திண்ணையில் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். மோர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, அவரும் ஒரு கை புளியை எடுத்து வைத்துக்கொண்டு கொட்டை எடுக்க ஆரம்பித்தார், மழையைப் பற்றி, என் மாமியாரின் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார். மாமியார் உள்ளே போகிற வரைக்கும் காத்திருந்தார் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. அவர்கள் போனதும், புளியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "தாயி, காணிக்கை நோட்டுல ஒரு மாசம் விட்டுப்போயிருக்கு போல. ஆறு மாசம் ஆனாலும் சரி, கொஞ்சம் கொஞ்சமா எழுதிருவமா?" என்றார். அவ்வளவுதான். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். நான்கு மாதத்தில் கட்டி முடித்தேன். அவர் இறந்தபோது பெட்டிக்குப் பக்கத்தில் நின்று நான் அழுததைப் பார்த்து, இவளுக்கு ஏன் இவ்வளவு அழுகை என்று சிலர் கேட்டார்கள். யாருக்கும் தெரியாது, அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. இன்றைக்கு நான்தான் முதன்முதலில் சொல்கிறேன்.

அன்றைக்கு வாட்ஸ்அப் இருந்து, அவர் அந்த நோட்டைப் படம் எடுத்துப் போட்டிருந்தால், உங்கள் பிள்ளைகளுக்கு நான் பேழை வெட்டிக் கொடுத்திருக்க மாட்டேன்.

கலாத்தியர் 6:1இல் "சாந்தமுள்ள ஆவியோடே அப்படிப்பட்டவனைச் சீர்பொருந்தப்பண்ணுங்கள்" என்று இருக்கிறதல்லவா, அந்தச் சீர்பொருந்தப்பண்ணுவதற்குக் கிரேக்கத்தில் இருக்கிற சொல்லும், மத்தேயு 4:21இல் யாக்கோபும் யோவானும் படவில் உட்கார்ந்து வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்ததற்கு இருக்கிற சொல்லும் ஒன்றுதான். நம் பக்கத்துக் கடற்கரையில் பெரியவர்கள் வலை பொத்துவதைப் பார்த்திருப்பீர்கள். கிழிந்த இடத்தை மடியில் பரப்பி, காலின் பெருவிரலில் ஒரு முனையை மாட்டி இழுத்துப் பிடித்து, முதலில் பிய்ந்து தொங்குகிற நூலை அளவாக வெட்டுவார்கள். வெட்டத்தான் செய்வார்கள், வெட்டாமல் முடிச்சு நிற்காது. அப்புறம் ஊசியில் அதே கனத்து நூலைக் கோத்து, பக்கத்துக் கண் எவ்வளவோ அவ்வளவே இந்தக் கண்ணும் இருக்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் போடுவார்கள். வெயிலில் மணிக்கணக்கில் குனிந்து உட்கார வேண்டிய வேலை. கிழிந்த வலையைத் தூக்கிக் காட்டி ஊரைக் கூட்டியவரை நான் அந்தக் கடற்கரையில் பார்த்ததில்லை.

குடியிலிருந்து ஆட்களை மீட்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் தொடங்கியது, அதற்கு வேர் ஆக்ஸ்போர்டு குரூப் என்ற கிறிஸ்தவ இயக்கத்தில் இருக்கிறது. பெயரிலேயே 'பெயர் சொல்லாதவர்கள்' என்று வைத்துக்கொண்டார்கள். உலகத்தில் எத்தனையோ ஊர்களில் அவர்கள் கூடுவது தேவாலயத்து அறைகளில்தான். நம் பாரிஷ் ஹால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சும்மாதான் பூட்டிக் கிடக்கிறது, யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. 1752 ஜனவரியில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியும் அவர் தம்பி சார்லஸும் கூட ஊழியம் செய்த சிலரும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவரைப் பற்றி ஒருவர் கெட்டதைக் கேட்க அலையமாட்டோம், கேட்டாலும் உடனே நம்பிவிடமாட்டோம், கேட்டதைச் சீக்கிரமாகச் சம்பந்தப்பட்டவரிடமே சொல்லுவோம் அல்லது எழுதுவோம், அதைச் செய்து முடிக்கிற வரை வேறு யாரிடமும் ஓர் எழுத்துக்கூடச் சொல்லமாட்டோம் என்று. அவர்கள் காலத்தில் போன் இல்லை, குதிரைதான். அப்படியிருந்தும் இது தேவைப்பட்டிருக்கிறது. நம் குழுவின் முகப்பில் திருவசன அட்டைக்குப் பதிலாக இந்த நாலு வரியைப் போட்டால் என்ன என்று ஐயரவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அப்புறம், நான் கேட்பது. அந்தப் படம் இன்னும் குழுவில் கிடக்கிறது, அதை எடுத்துவிடுங்கள், எடுத்தோம் என்று சொல்லியும் விடுங்கள். பெயரை வாசித்த அதே அறிவிப்பில் "தம்பி, நாங்கள் வந்திருக்க வேண்டும், வரவில்லை" என்று ஒரு வரி வாசியுங்கள். கொரிந்து சபையில் ஒருவனைத் தண்டிக்கச் சொன்ன அதே பவுல், அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடி மன்னித்து ஆறுதல் சொல்லுங்கள் என்று அடுத்த நிருபத்தில் கெஞ்சுகிறார், தண்டனையைப் பதிவு செய்த கமிட்டிப் புத்தகத்தில் அடுத்த பக்கம் இருக்கத்தானே செய்யும். கீபோர்டை இப்போதே கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவனே வேண்டாம் என்கிறான், கை நடுக்கம் நிற்கட்டும் என்கிறான்.

அவன் இப்போது மருத்துவரிடம் போய்க்கொண்டிருக்கிறான், இரண்டு முறை போயாயிற்று. புதன்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு நான் அவன் வீட்டுக்குப் போகிறேன். போட்டோ போட்ட அண்ணாச்சி, நீங்கள் வந்தால் சந்தோஷம், வண்டியைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு வாருங்கள், உள்ளே சந்து குறுகல். வேறு யாருக்காவது வர மனசிருந்தால் அடுத்த புதனுக்குச் சொல்லுங்கள், ஒரே நாளில் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம், அவன் அம்மாவிடம் நாற்காலி இரண்டுதான் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் ஞாயிறு பள்ளி டீச்சர்